வாசலுக்கு மேலே ஏழு வரிசை செங்கல்

மே 19, திங்கள்

இன்றும் மிதியடி மேல் சிவப்புத் தூள். மிளகாய்ப்பொடி சிந்தினது மாதிரி, ஒரு சிட்டிகை. நேற்றும் கூட்டித் தள்ளினேன், முந்தாநாளும் தள்ளினேன். வீட்டில் நான் நடத்துகிற க்ரெஷ்ஷுக்குப் பிள்ளைகள் வருவதற்குள் கூட்டிவிட வேண்டும் என்று ஒரு அவசரம். எதற்கு அவசரம்? யார் பார்த்தால் என்ன?

நிமிர்ந்து பார்த்தேன். முன்வாசல் கண்ணாடிக் கதவுக்கு மேலே ஏழு வரிசை செங்கல். அதன் இடது மூலையிலிருந்து ஒரு விரிசல் படிக்கட்டு மாதிரி ஏறிப் போகிறது. போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டும்போது மயிரிழைதான் இருந்தது. இப்போது ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டால் என் நகம் உள்ளே போகிறது.

ஜெரோஷ் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். "நீ காஸ் அணைச்சாச்சான்னு மூணு தடவ பாக்கிறவ. ஒனக்கு லிஃப்டும் பயம், பல்லியும் பயம். இப்ப சுவரா?" என்றார். கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. போய்விட்டார்.

நான் பயந்தாங்கொள்ளிதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். அதனால் இந்த வீட்டில் என் பயத்துக்கு மதிப்பே கிடையாது.

மே 21, புதன்

கண்ணாடிக் கதவு இன்று பாதியில் நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் நகர்கிறது. தண்டவாளத்தில் மணல் இருக்கும் என்று துடைத்தேன், எண்ணெய் விட்டேன். ஊஹூம். மேலே எதுவோ கதவை அமுக்குகிற மாதிரி இருக்கிறது.

மழை வேறு சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது.

மே 25, ஞாயிறு

புனே கேம்ப் சர்ச்சில் தமிழ் ஆராதனை முடிந்து வந்ததும் ஜெரோஷ் ஏணியை எடுத்தார். வருஷா வருஷம் மே மாசக் கடைசி ஞாயிறு இது நடக்கும். ஒரு சிலிகான் டியூப், ஒரு பழைய துணி, ஏணி பிடிக்க நான்.

இந்த வீட்டை அவரே நின்று கட்டினார். மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு இந்த ஆகுர்டி வெயிலில் நின்றார். உள்சுவர் சாதாரண கான்கிரீட் கல். வெளியே அழகுக்காக ஒரு அடுக்கு சிவப்புச் செங்கல், பூசாமல் அப்படியே. ஜன்னல், கதவு வருகிற இடத்தில் அந்த வெளியடுக்குச் செங்கலுக்குக் கீழே தாங்க ஒன்றும் இல்லை அல்லவா? அதற்குத்தான் ஆங்கிள். எல் எழுத்து மாதிரி மடங்கிய இரும்புப் பட்டை. இரண்டு முனையும் பக்கத்துச் சுவர் மேல் உட்காரும், அதன் மேல் செங்கல் உட்காரும். முன்வாசல் எட்டடி அகலம். அந்த ஏழு வரிசையும் அந்த ஒரு ஆங்கிள் மேல்தான்.

முதல் மழையிலேயே ஆங்கிளுக்கு மேலே செங்கல்களுக்கு நடுவில் விட்டிருந்த சந்துகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. நேராகக் கீழே இருந்த ஷூ ரேக்கில். மேஸ்திரி வேலை சரியில்லை என்று திட்டிவிட்டு இவரே ஏறி அடைத்தார். அன்றிலிருந்து வருஷா வருஷம் அடைக்கிறார். விட்டதெல்லாம் தேடித் தேடி அடைக்கிறார். தெருவில் எல்லோரும் ஜெரோஷ் எவ்வளவு கருத்தாக வீட்டை வைத்திருக்கிறார் என்பார்கள்.

இன்று மேலே நின்றுகொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, பிடி" என்றார். இறங்கும்போது பார்த்தேன், கையெல்லாம் துரு. விரிசலையும் சிலிகானால் மூடிவிட்டார்.

மூடினால் போச்சா?

மே 28, புதன்

க்ரெஷ்ஷுக்கு வருகிற அம்முவின் அம்மா ப்ரியம்வதா ஹிஞ்சேவாடியில் கட்டட டிசைன் கம்பெனியில் இருக்கிறாள். காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுகிறவள், இன்று நின்றாள். கதவு திறக்கவில்லை, நான் தோளால் முட்டிக்கொண்டிருந்தேன். அவள் கதவைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தாள்.

"ஆன்ட்டி, இந்த ஓட்டையெல்லாம் யாரு அடைச்சா?"

"அங்கிள்தான். தண்ணி சொட்டுதுல்லா."

"சொட்டணும் ஆன்ட்டி! செங்கல் தண்ணிய குடிக்கும். குடிச்சது உள்ள இறங்கி அந்த இரும்பு மேலதான் வந்து நிக்கும். வெளில போறதுக்குத்தான் அந்த கேப் விடறது. அடைச்சா எங்க போகும்? இரும்பு அதுலயே ஊறிண்டு கிடக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "துரு ஏறினா இரும்பு உப்பும். மேல இருக்கற செங்கல்ல தூக்கும். அதான் இந்த ஸ்டெப் ஸ்டெப்பான விரிசல். ஒரு லிமிட்டுக்கு மேல தாங்காது."

"தாங்கலன்னா?"

அவள் அம்முவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதுதான் பதில்.

மே 29, வியாழன்

சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. இல்லை, சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அவ கம்ப்யூட்டர்ல கட்டுதவ. நான் வெயில்ல நின்னு கட்டுனவன். பதினாலு வருஷமா நிக்கி. எனக்குத் தெரியாதா?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சாப்பிடவில்லை.

கம்பெனியில் அவருக்கு வேலையே பார்ப்பதுதான். வெல்டிங் முடிந்து வருகிற ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்புச் சாக்பீஸால் குறி போட்டு ஒதுக்கிவிடுவார். ஒரு புள்ளி துரு இருந்தாலும் விடமாட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவரா இதைப் பார்க்கவில்லை?

பிள்ளைகள் தினமும் அந்த வாசலில் உட்கார்ந்துதான் செருப்பைக் கழற்றுகிறார்கள். கர்த்தாவே.

ஜூன் 2, திங்கள்

விழுந்துவிட்டது.

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் உள் அறையில் தூக்கம். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மழை. சட்டென்று வாசலில் ஒரு சத்தம் — பெரிய சத்தம் கூட இல்லை, யாரோ பையை இறக்கி வைத்த மாதிரி. போய்ப் பார்த்தால் ஷூ ரேக்கின் மேல்தட்டு உடைந்து ரெண்டாகக் கிடக்கு. நடுவுல முழுச் செங்கல். அம்முவோட மஞ்சள் செருப்பு அதுக்கு அடியில.

செருப்புதான். செருப்பு மட்டும்தான். திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கிட்டு நின்னேன். அப்புறம் உள்ளே ஓடி ஒவ்வொரு தலையையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாரும் தூங்குதாங்க. ஸ்ரேயஸ் மட்டும் கண்ணைத் திறந்து "பால்?" என்றான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

ஒரு மணி நேரம் முன்னால் என்றால்? சாயங்காலம் கூட்டிப் போக அம்மாக்கள் வரிசையாக நிற்கிற நேரமாக இருந்தால்?

எல்லோரையும் சமையலறைக் கதவு வழியாக அனுப்பினேன். முன்பக்கம் டைல்ஸ் வேலை, அம்முவின் செருப்பைக் காணோம் என்று சொன்னேன். பொய். ஏன் பொய் சொன்னேன்?

ஜூன் 3, செவ்வாய்

ஜெரோஷ் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் சிமென்ட் குழைத்து, ஏணி போட்டு, அந்தச் செங்கலைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டார்! மேலே பூசி, துணியால் துடைத்து, தள்ளி நின்று பார்த்தார். ரேக்கையும் ஆணி அடித்து நிமிர்த்தி அதே இடத்தில் வைத்தார்.

"இப்ப சரியா?" என்றார்.

முன்கதவைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தாலும் பயமாக இருக்கிறது. லாரி போனால் பயம். பக்கத்து வீட்டில் கதவை அறைந்தால் பயம். பாத்திரம் விழுந்தால் நெஞ்சு வாய்க்கு வருகிறது. இன்று அம்மு விளையாட்டாக மேஜையைத் தட்டினாள், நான் கத்திவிட்டேன். பாவம், அது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது.

மழை நிற்கவே இல்லை. அந்தச் செங்கலெல்லாம் குடித்துக்கொண்டிருக்கும்.

ஜூன் 9, திங்கள்

இன்று ஒன்று கவனித்தேன். முன்கதவுக்கு அவரிடம் இன்னொரு சாவி இருந்தும் ஜெரோஷும் பின்பக்கமாகத்தான் வருகிறார். இன்று மட்டும் இல்லை, போன வாரம் பூராவும். "ஷூவெல்லாம் சகதி, அதான்" என்கிறார். பின்பக்கம்தான் சகதி. முன்பக்கம் சிமென்ட் நடை. பதினாலு வருஷத்தில் இவர் ஒரு நாளும் சமையலறை வழியாக வீட்டுக்குள் வந்ததில்லை.

அப்படியென்றால்...

கேட்கப் பயமாக இருக்கிறது. அவர் பயப்படுகிறார் என்று தெரிந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கு?

ஜூன் 13, வெள்ளி

ப்ரியம்வதா பின்பக்கமாக வந்தவள் நேரே கேட்டாள். "டைல்ஸ் வேலைன்னேளே, ஒரு டைல்ஸையும் காணோமே?" சொல்லிவிட்டேன். செருப்பையும் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. கோபம் வந்தது அவளுக்கு, வராமல் எப்படி? "எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கோ ஆன்ட்டி. இன்னைக்கே. நான் வேணா கூட நிக்கறேன்."

நின்றாள். சாயங்காலம் ஒவ்வொருத்தராக வர வர, ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். வாசலுக்கு மேல் இருக்கிற செங்கல் சரியில்லை, ஒன்று விழுந்தது, பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை, சரி செய்கிற வரைக்கும் முன்பக்கம் யாரும் வரமாட்டார்கள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் பிள்ளையின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மாற்றுத் துணியையும் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை வருவார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அழுதேன். ஆனால் நெஞ்சில் இருந்த கல்லில் ஒன்று இறங்கினது மாதிரியும் இருந்தது. எழுதின பிறகுதான் பார்க்கிறேன், கல் என்று எழுதியிருக்கிறேன். எங்கே பார்த்தாலும் எனக்கு இதே நினைப்பு.

ஜூன் 16, திங்கள்

பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பாய் அகலமாகத் தெரிகிறது. அம்மு வந்தாள்.

ஜெரோஷிடம் சொல்லவில்லை. அவரே பாய்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 19, வியாழன்

இன்று பால்கி. தேஹூவிலிருந்து துக்காராம் மகராஜ் பல்லக்கு பண்டரிபுரத்துக்குக் கிளம்பி ஆகுர்டி விட்டல் கோயிலில் தங்குகிற நாள். ரோடெல்லாம் அடைத்திருந்தார்கள், க்ரெஷ் லீவு. பல்லக்கோடு நடந்து வருகிற பக்தர்கள், வாரகரிகள், குறுக்கு வழியாக எங்கள் தெருவுக்குள் வருவார்கள். தெருவே நின்று டீ, வாழைப்பழம், சுண்டல் கொடுக்கும். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று யாரும் பார்த்ததில்லை. வந்த முதல் வருஷமே ஜெரோஷ் லீவு போட்டுவிட்டு கெட்டிலும் பிஸ்கட்டுமாக நின்றார், இன்றுவரைக்கும் நிற்கிறார்.

"கேட்டுக்கு வெளிய வச்சிக்குவோம்" என்று மட்டும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மேஜையைக் கேட்டுக்கு வெளியே போட்டார். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

பத்து மணி வாக்கில் மழை கொட்டியது. சும்மா இல்லை, வாளியால் ஊற்றின மாதிரி. தலையில் துளசிமாடம் வைத்திருந்த பெண்கள், தாளம் போட்டு வந்த ஆண்கள், எல்லோரும் ஒதுங்க இடம் பார்த்தார்கள். எங்கள் கேட் திறந்திருந்தது. வாசலில் சன்ஷேட் என்று பெயருக்கு ஒரு சாண் நீட்டியிருக்கும். பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்து அதன் கீழ் ஒண்டிக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவில் முதுகை அழுத்திக்கொண்டு. பிஸ்கட் எடுக்க வந்த நான் கதவுக்கு உள்ளே நிற்கிறேன். அவர்கள் முதுகு எனக்கு அரை அடியில். அவர்கள் தலைக்கு மேல —

எனக்கு வாய் வரலை. மராத்தியும் வரலை, தமிழும் வரலை. ஒரு வயசான அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரிச்சா. இடம் கொடுத்ததுக்கு நன்றி சொல்லுதா. நான் கண்ணாடியைத் தட்டப் போய், தட்டினா அதிருமேன்னு கையை எடுத்துக்கிட்டேன்.

அப்போதுதான் ஜெரோஷ் கத்தியது கேட்டது. கெட்டிலைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். "மாவுலி! இதே தாம்பூ நகா! வீட் படேல்! வீட் படேல்!" தாயே, இங்கே நிக்காதீங்க, செங்கல் விழும். தெருவே கேட்கக் கத்துகிறார். ஒருத்தர் கையைப் பிடித்து இழுக்கிறார், இன்னொருத்தர் துளசிமாடத்தை வாங்கித் தன் தலைக்கு மேல் தூக்கிக்கொள்கிறார், எல்லோரையும் எதிர்வீட்டு ஷெட்டுக்கு விரட்டுகிறார். அந்த வயசான அம்மாவுக்குப் புரியவில்லை. அவள் நகரவில்லை. இவர் போய் அவள் பக்கத்தில் வாசலுக்கு நேர் கீழே நின்று, ஒரு கையை அவள் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக நடத்திக்கொண்டு போனார். மனுஷன் கை செங்கலைத் தாங்குமா?

ஒன்றும் விழவில்லை. ஒரு தூள் கூட விழவில்லை.

மழை விட்டு, அவர்கள் எல்லோரும் டீ குடித்து, ஞானபா துக்காராம் சொல்லிக்கொண்டே போன பிறகு பின்பக்கமாக வந்தார். சமையலறைத் தரையில் ஈரத்தோடு உட்கார்ந்தார்.

"விழும்னு எனக்குத் தெரியும் பிலிஸ்."

"எப்பருந்து?"

"கல்லத் திருப்பி வச்சேம்லா, அன்னைக்கு. உள்ள கைய விட்டேன். துரு பாளம் பாளமா வருது. வேற பயலுக்க வீடுன்னா அங்கயே குறி போட்டுருப்பேன்." நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரா, பயமா, தெரியவில்லை. டவல் எடுத்துப் போர்த்தினேன். எனக்கு நடுக்கம் நின்றுபோயிருந்தது. வேடிக்கைதான்.

அவரே ப்ரியம்வதாவுக்கு போன் போட்டார்.

ஜூன் 21, சனி

ப்ரியம்வதா ராம்பிரசாத் மிஸ்திரியைக் கூட்டி வந்தாள். முதல் வேலை முட்டு. வாசலின் குறுக்கே மரச்சட்டம் வைத்து, கீழே திருகி உயர்த்துகிற இரும்பு ஜாக்கிகள். மேலே இருக்கிற செங்கலைத் தாங்குவதற்குத் தனியாகச் சுவரில் துளை போட்டுக் கட்டைகள். மேலே தார்ப்பாய். துளை போடுகிற மிஷின் அலறினபோது நான் பின்வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டுப் பாடினேன். உரக்கப் பாடினேன். என் குரலே எனக்கு அழுகிற மாதிரி கேட்டது.

ஜூன் 24, செவ்வாய்

கழற்றிவிட்டார்கள். ஏழு வரிசையையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இறக்கினார்கள். பல கற்கள் தட்டாமலே வந்தன என்றார் ராம்பிரசாத்.

ஆங்கிளைத் தரையில் போட்டார்கள். நடுவில் தட்டினால் அப்பளம் மாதிரி உடைகிறது. ஜெரோஷ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்த்தார். இரண்டு முனையும் நன்றாக இருந்தன. சுவரில் ஒவ்வொரு பக்கமும் முழுசாக ஆறு அங்குலம் உட்கார்ந்திருந்தது.

ப்ரியம்வதா அதைக் காட்டினாள். "பாருங்கோ அங்கிள், நீங்க வச்சது கரெக்ட். சைஸும் கரெக்ட், சப்போர்ட்டும் கரெக்ட். அந்த கேப்பை அடைக்காம விட்டிருந்தா இன்னும் எத்தனையோ வருஷம் நின்னிருக்கும்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவருக்கு அது எங்கே போய்க் குத்தியது என்று எனக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் நான் பிடித்த ஏணி.

ஜூன் 26, வியாழன்

துத்தநாகம் பூசின புது ஆங்கிள். அதன் மேல் கறுப்பு ஷீட் ஒன்று, உள்சுவரில் ஏறி, இரும்பின் மேல் படிந்து, வெளிவிளிம்பு வரைக்கும். தண்ணீர் வந்தால் அதன் மேல் வழுக்கி வெளியே வந்துவிடும். முதல் வரிசைச் செங்கலில் இரண்டுக்கு ஒரு சந்து திறந்தே விட்டிருக்கிறார்கள். ஜெரோஷ் ஒவ்வொன்றிலும் குச்சி விட்டுப் பார்த்தார், சிமென்ட் விழுந்து அடைத்திருக்கிறதா என்று.

முட்டு இப்போது எடுக்கக் கூடாதாம். கலவை இறுகட்டும்.

ஜூலை 5, சனி

முட்டு எடுத்தார்கள்.

எல்லோரையும் தெருவுக்குப் போகச் சொல்லிவிட்டாள் ப்ரியம்வதா. ராம்பிரசாத் ஜாக்கியைக் கால்வாசித் திருகு தளர்த்துவார், நிறுத்துவார், மேலே பார்ப்பார். மறுபடி கால்வாசித் திருகு. நான் ஜெரோஷ் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். "பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே" பாதியில் மறந்துபோயிற்று. சின்ன வயசிலிருந்து சொல்கிற ஜெபம்!

டக்கென்று ஒரு சத்தம்.

"மரம்தான்," என்றார் ஜெரோஷ். அவர் குரலும் சரியில்லை. "மரம் விடுதுலா, அந்தச் சத்தம்."

கண்ணைத் திறந்தேன். மரச்சட்டத்துக்கும் ஆங்கிளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதன் வழியாக வீட்டுக்குள் இருக்கிற வெளிச்சம் தெரிந்தது. மேலே ஏழு வரிசையும் அப்படியே இருந்தது. யாரும் கை தட்டவில்லை. ராம்பிரசாத் மட்டும் பீடியைப் பற்றவைத்தார்.

கண்ணாடிக் கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். ஓடிவிட்டது.

ஜூலை 7, திங்கள்

முன்வாசலைத் திறந்தேன். போன பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். நல்லது, எங்கேயாவது பத்திரமாக இருக்கட்டும். அம்மு புதுச் செருப்போடு வந்து, நேரே அந்த ரேக்கில் வைத்தாள். நான் மேலே பார்த்தேன். இனிமேல் சாகிறவரைக்கும் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் பெரிய மழை. சாயங்காலம் ஜெரோஷ் முன்பக்கமாக வந்தார். வாசலில் நின்று ஷூவைக் கழற்றக் குனிந்தபோது பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு சொட்டு. அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு சந்திலிருந்தும் தண்ணீர் வரிசையாக, நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்முவின் செருப்பு நனைந்திருந்தது.

"சொட்டுது," என்றார்.

"சொட்டட்டும்," என்றேன்.

பிறகு குனிந்து, ஷூ ரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு அடி தள்ளி வைத்தார். சொட்டு தரையில் விழுந்து வழிந்து போயிற்று.

அவ்வளவுதான். பதினாலு வருஷமாக அதைத் தள்ளி வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவரும் அதையேதான் நினைத்திருப்பார். உள்ளே வந்து கை கழுவிவிட்டு, "காஸ் அணைச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவரே போய்ப் பார்த்தார்.